எல்லார் திரையிலும் பொதிகை

அம்பாசமுத்திரத்தில் நான் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தபோது, சுற்றுவட்டாரத்துக் கணினிகளில் பாதி என் மேசைக்கு ஒருமுறையாவது வந்துபோயிருக்கும். கூட்டுறவுச் சங்கம், அரிசி ஆலை, வக்கீல் ஆபீஸ், டிடிபி சென்டர், உரக்கடை என எல்லா இடத்திலிருந்தும் வரும். வைரஸ் பிடித்த சிஸ்டத்தை ஃபார்மேட் அடித்து, விண்டோஸ் எக்ஸ்பி ஏற்றி, டிரைவர்களைப் போட்டு முடித்ததும் திரையில் அந்தப் பச்சைக் குன்று வந்து நிற்கும். அதற்கு மேலே நீல வானமும் வெள்ளை மேகமும். கணினி சரியாகிவிட்டது என்பதற்கு எங்கள் ஊரில் அந்தப் படமே சாட்சி. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வந்தவர் பர்ஸை எடுப்பார்.

அந்தக் குன்றைப் பற்றித் தேடிப் படித்தேன். கலிபோர்னியாவின் சோனோமா பகுதியில் 1996 ஜனவரியில் சார்லஸ் ஓரியர் என்ற புகைப்படக்காரர் சாலையோரம் வண்டியை நிறுத்தி எடுத்த படம் அது. மமியா ஆர்இசட்67 கேமரா, ஃபியூஜி வெல்வியா ஃபிலிம். அது திராட்சை விளையும் வட்டாரம். வேரைத் தின்னும் ஃபிலாக்செரா பூச்சி தாக்கியதால் அந்தச் சரிவில் இருந்த கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். அதனால்தான் குன்று முழுக்கப் புல்லாக இருந்தது. 2000இல் மைக்ரோசாஃப்ட் அந்தப் படத்தின் உரிமையை விலைக்கு வாங்கியது. 2001 அக்டோபரில் எக்ஸ்பி வெளிவந்ததும் உலகம் முழுக்க அது போய்ச் சேர்ந்தது.

இதைப் படித்தபோது என்னை அசைத்த விஷயம் ஒன்றே. அது பேர்போன சுற்றுலாத் தலம் கிடையாது. யாரோ ஒரு விவசாயியின் நிலம். பயிர் அழிந்து சும்மா கிடந்த மேடு. அதை ஒருவர் நின்று பார்த்ததால் உலகமே பார்த்தது. என் கடை வாசலில் நின்றால் மேற்கே பொதிகை மலைத் தொடர் வரிசையாகத் தெரியும். மலைக்கும் கடைக்கும் நடுவே தாமிரபரணிப் பாசனத்தின் வயல்கள். அதற்கு நடுவில் உட்கார்ந்து அரிசி ஆலைக் கணக்குப் போடுகிறவர் கண் முன்னால் நம் மலையும் இருக்கலாமே என்று தோன்றியது. அன்றிலிருந்து அதுவே என் வேலையாயிற்று.

தொடக்கத்தில் கையில் இருந்தது சாதாரணக் கைக் கேமரா. பிறகு நிக்கான் டி3100 வாங்கினேன், கூடவே வரும் 18–55 லென்ஸோடு. நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் ஆனதில்லை. ஆக நினைத்ததும் இல்லை. விடிவதற்கு முன் சைக்கிளில் கிளம்பி, கல்லிடைக்குறிச்சிப் பக்கமோ ஆழ்வார்க்குறிச்சிப் பக்கமோ போய், கடை திறக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவேன். சரிசெய்த கணினியை ஒப்படைக்கும்போது, “உங்களுக்கு இந்தப் படம் போட்டுத் தரட்டுமா?” என்று கேட்பேன். வேண்டாம் என்று சொன்னவர்கள் குறைவு. கூடவே ஒரு சிடியிலும் நாலைந்து படங்களை எழுதிக் கொடுப்பேன். படத்துக்கென்று யாரிடமும் காசு வாங்கியதில்லை.

படம் எடுப்பது வேறு, வால்பேப்பருக்கென்று படம் எடுப்பது வேறு என்பதைக் கற்றுக்கொடுத்தவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிய ஓர் அக்கா. ஆற்றங்கரைப் பனைகளும் மருதமரங்களும் நெருக்கமாக நிற்கும் ஒரு படத்தை அவர் சிஸ்டத்தில் வைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து வந்தார். “படம் அழகாத்தான் இருக்கு தம்பி. ஆனா டேலி எங்க கெடக்குன்னு ஓலைக்குள்ள தேட வேண்டியிருக்கு” என்றார். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பள்ளிக்கூடம். சுவரில் மாட்டும் படத்தை நின்று பார்ப்பார்கள். வால்பேப்பரின் மேல் எட்டு மணி நேரம் வேலை பார்ப்பார்கள். அது கண்ணுக்கு இடைஞ்சல் பண்ணக் கூடாது. ஒரு விண்டோவை மூடி இன்னொன்றைத் திறக்கும் இடைவெளியில் கண்ணுக்கு ஓர் ஆறுதலாக இருந்தால் போதும்.

அதன் பிறகு வியூஃபைண்டரில் கண் வைக்கும்போதே ஐகான்களை மனதில் அடுக்கிப் பார்க்கப் பழகினேன். விண்டோஸில் ஐகான்கள் இடப்பக்கம் மேலிருந்து கீழாக இறங்கும். உபுண்டுவில் 2011 வாக்கில் வந்த யூனிட்டி பட்டையும் இடப்பக்கம்தான். ஆகவே இடது பக்கத்தில் இலைக்கூட்டமோ கோபுரமோ வேண்டாம். ஒரே நிறமாக ஓடும் வானமோ வயலோ இருக்க வேண்டும். ஐகானின் கீழே வரும் பெயர் வெள்ளை எழுத்தில் இருக்கும், அதனால் அங்கே வெளிச்சம் கூடுதலாகவும் இருக்கக் கூடாது. மலைச்சரிவின் நீலநிழல் அதற்கு மிகப் பொருத்தம். கீழே டாஸ்க்பார் மறைக்கும், அதனால் வரப்போ வாய்க்காலோ திரையின் விளிம்பை ஒட்டி வரக் கூடாது. மலையும் வயலும் சேரும் கோடு அரை டிகிரி சாய்ந்தாலும் திரையின் நேர்விளிம்புக்குப் பக்கத்தில் அது கண்ணை உறுத்தும்.

அளவு இன்னொரு பாடம். டி3100இன் படம் 4608க்கு 3072 பிக்சல், அதாவது 3:2. அப்போது பழைய மானிட்டர்கள் 1024க்கு 768, அது 4:3. புதிதாக வந்தவை 1366க்கு 768, 1920க்கு 1080. அவை அகலமான 16:9. ஒரே படத்தை இரண்டுக்கும் கொடுக்க வேண்டும் என்றால், அகலத் திரைக்கு மேலும் கீழுமாக 480 வரிசை போய்விடும்; பழைய திரைக்குப் பக்கவாட்டில் 512 பிக்சல் போய்விடும். ஆகவே சிகரத்தின் தலைக்கு மேல் வெட்டக் கொஞ்சம் வானம் மிச்சம் விடுவேன். ஓரங்களில் இருப்பது போனாலும் படம் நொண்டாதபடி நடுவில் அழுத்தம் கொடுப்பேன். ஜேபெக்காகச் சேமிக்கும்போது கோப்பின் எடையைக் குறைக்க ஆசைப்பட்டால் விடியல் வானம் பட்டை பட்டையாக உடைந்துவிடும். அதனால் அளவு பெரிதானாலும் உயர்ந்த தரத்திலேயே வைப்பேன். அன்று முழு அளவிலேயே கொடுத்ததன் பலன் இப்போது தெரிகிறது. 3840க்கு 2160 பிக்சல் 4கே திரையையும் அந்தப் படங்கள் நிறைக்கின்றன.

இதைவிடப் பெரிய படிப்பு மலையிடம் இருந்தது. எங்களுக்குப் பொதிகை மேற்கே நிற்கிறது. அதனால் காலை வெயில் நேராக மலையின் முகத்தில் விழும். வயல் இன்னும் இருட்டில் கிடக்கும்போதே 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலைப் பக்கத்துச் சிகரங்கள் சிவந்துவிடும். பிறகு வெளிச்சம் மெல்லக் கீழே இறங்கி, காட்டைத் தொட்டு, தென்னந்தோப்பைத் தொட்டு, கடைசியில் வயலுக்கு வரும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுவதால் தொடர் முழுக்க ஒரே கறுப்புக் கோடு. அந்தக் கோட்டுக்கு அதற்கென்று ஓர் அழகு உண்டு. ஆனால் மலையின் மடிப்புகளையும் ஓடைகளையும் பார்க்க வேண்டுமென்றால் காலையில்தான் போக வேண்டும்.

மாதத்துக்கு மாதம் மலை மாறும். ஏப்ரல், மே மாதங்களில் புழுதியும் வெக்கையும் சேர்ந்து மலையையே மறைத்துவிடும். வெளியூர்க்காரர் பார்த்தால் அங்கே மலை இருப்பதே தெரியாது. ஜூனில் சாரல் காற்று இறங்கியதும் சிகரங்களின் மேல் மேகம் துண்டு போட்டதுபோல் கிடக்கும். வடகிழக்குப் பருவமழையில், நவம்பர் டிசம்பரில் இரண்டு மழைக்கு நடுவே ஒரு காலை தெளியும் பாருங்கள், காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும்; மலைமேல் விழும் ஓடைகளை வெறுங்கண்ணால் எண்ணலாம். தை மாதம் பிசானப் பயிரின் மேல் பனி ஒரு ஆள் உயரத்துக்குப் படிந்து நிற்கும். அதற்கு மேலே மலை மட்டும் தனியாக மிதக்கும். இந்த வரிசையெல்லாம் கேமரா வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பிறந்து வளர்ந்த ஊரின் வானத்தைத் தேதிவாரியாகத் தெரிந்துகொள்ள அது எனக்கு வழிவிட்டது.

பாசனமும் இந்தப் படங்களை எடுக்க உதவியது. பாபநாசம் அணையின் முழு அளவு 143 அடி. அணை எத்தனை அடி நிற்கிறது என்பது எங்கள் பக்கத்தில் தினசரிப் பேச்சு. ஜூனில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தால் நதியுண்ணிக் கால்வாயிலும் கன்னடியன் கால்வாயிலும் கோடைமேலழகியான் கால்வாய்களிலும் நீர் வரும். வயலில் தொழி கலக்கி, பரம்படித்துச் சமப்படுத்திய பிறகு, நடவுக்கு முன் ஓர் இரவு தண்ணீர் அசையாமல் கிடக்கும். சேறு கீழே படிந்து மேல்நீர் தெளியும். மறுநாள் விடியலில் மலை முழுக்க அந்த வயலுக்குள் தலைகீழாக நிற்கும். நடவுப் பெண்கள் இறங்கிவிட்டால் அந்தக் கண்ணாடி கலைந்துவிடும்; பிறகு அடுத்த பருவம்தான்.

அந்தக் காட்சியைக் காட்டிக் கொடுத்தது அந்த வயலுக்காரப் பெரியவர். வரப்பில் நிற்க அனுமதி கேட்டபோது என்ன எடுக்கிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். “இப்ப எடுக்காத. நாளைக்குக் காலைல நடவு. அதுக்கு முந்தி விடியக்காலம் வா, தண்ணி தெளிஞ்சு கெடக்கும்” என்றார். போனேன். அவர் மடையருகே நின்று, தவளை குதித்தால்கூடத் தண்ணீர் மறுபடி அடங்கும்வரை எனக்காகக் காத்திருந்தார். அன்று எடுத்த படமே என் படங்களில் அதிகம் பரவியது. சில மாதங்களுக்குப் பிறகு அவர் கூட்டுறவுச் சங்கத்துக்கு உரம் வாங்கப் போனபோது அங்கே திரையில் அதைப் பார்த்திருக்கிறார். நேராக என் கடைக்கு வந்தார். “தம்பி, அது நம்ம வயலுல்லா? அந்தா ஓரத்துல தெரியுதே, அது நம்ம மடைல்லா?” என்று கேட்டுக் கேட்டு மகிழ்ந்தார். தன் வயலில் வேலையை மட்டுமே பார்த்தவர், அதைத் தூர நின்று ஒரு காட்சியாகப் பார்த்தது அதுவே முதல் தடவை என்றார். அந்தப் படம் எனக்கு வேறெதையும் சம்பாதித்துத் தந்திருக்க வேண்டியதில்லை.

2011இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய பிறகு பள்ளிப் பிள்ளைகள் பென்டிரைவோடு வர ஆரம்பித்தார்கள். அந்த மடிக்கணினிகளில் இருந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பில் வால்பேப்பரை மாற்ற வழி கிடையாது. ஆனால் கூடவே இருந்த பாஸ் லினக்ஸில் மாற்றலாம். எங்கள் மலையைத் திரையில் வைப்பதற்காகவே லினக்ஸைத் திறந்து பழகிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் மடிக்கணினியைச் சரிபார்க்கக் கொண்டுவருவார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் சாரல் காலத்துப் படம். பாலைவனத்து மே மாத வெயிலில், ஏசி அறைக்குள் உட்கார்ந்து குற்றாலப் பக்கத்து மேகத்தைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அவர்களில் ஒருவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அதன் பிறகு சாரல் மாதப் படங்களை இன்னும் கவனமாக எடுத்தேன்.

சிடியிலும் பென்டிரைவிலும் போன படங்கள் எங்கெங்கோ போக ஆரம்பித்தபோது சட்டத்தைப் படிக்க வேண்டி வந்தது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. அதன்படி இப்போது புகைப்படத்தின் உரிமை, எடுத்தவரின் வாழ்நாள் முழுக்கவும் அவர் இறந்த பின் 60 ஆண்டுகளும் காக்கப்படுகிறது. எடுத்தவர் எதையும் பதிவுசெய்ய வேண்டியதில்லை. உரிமை தானாக வந்துவிடும். அப்படியென்றால் நான் வாயால் “எடுத்துக்கோங்க” என்று சொன்னது போதாது. பள்ளி ஆண்டுமலரில் போட நினைக்கும் ஆசிரியர், நோட்டீஸ் அடிக்கும் அச்சகத்தார், நூல் அட்டைக்குத் தேடும் பதிப்பாளர் ஆகிய நேர்மையானவர்கள்தான் எழுத்தில் அனுமதி இல்லாமல் தயங்கி நிற்பார்கள்.

இதற்கென்றே உருவானது கிரியேட்டிவ் காமன்ஸ். 2001இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த அமைப்பு 2002 டிசம்பரில் தன் முதல் உரிமங்களை வெளியிட்டது. எடுத்தவர் பெயரைச் சொல்லி யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், மாற்றியதையும் அதே போலப் பிறருக்குத் திறந்துவைக்க வேண்டும் என்ற உரிமத்தை நான் தேர்ந்தேன். வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையையும் சேர்க்கச் சொன்னார்கள் நண்பர்கள். நெடுநாள் யோசித்துவிட்டு அதைச் சேர்க்கவில்லை. தண்ணீர்ப் பந்தல் வைத்தவர், குடிக்க வருகிறவர் கோயிலுக்குப் போகிறாரா சந்தைக்குப் போகிறாரா என்று கேட்பதில்லை. ஊரில் பிழைப்புக்காக அச்சகம் நடத்துகிறவரும் எங்கள் மலைக்கு உரியவர்தானே? தவிர, விக்கிமீடியா காமன்ஸ் வணிகத் தடை உள்ள படங்களை ஏற்பதில்லை. 2004இல் தொடங்கிய அந்தப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றினால்தான் தாமிரபரணியைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் படிக்கிற பிள்ளைக்கு எங்கள் ஆற்றின் படமும் கிடைக்கும். அப்படியே ஏற்றினேன். பிறகு ஒரு மாதக் காலண்டரில் என் படம் கீழே சின்ன எழுத்தில் பெயரோடு வந்தது. “அவன் சம்பாதிக்கிறான், உனக்கு என்ன?” என்று கேட்டார்கள். எங்கள் மேலைமலை இத்தனை வீட்டுச் சுவரில் ஒரு மாதம் தொங்கியது. அதற்காகத்தானே எடுத்தேன்!

எல்லாவற்றையும் கொடுத்துவிடலாம் என்பது இதற்குப் பொருளில்லை. நிலத்தின் படத்தைக் கொடுக்கும்போது நிலத்துக்கு வழியையும் சேர்த்துக் கொடுக்கிறோம். தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம், சுரண்டைப் பக்கங்களில் ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூக்கும். மலையைத் தாண்டிக் கேரளத்திலிருந்தும் கார் காராக வருகிறார்கள். வருகிறவர்கள் ரோட்டோரம் நின்று பார்த்துவிட்டுப் போனால் யாருக்கும் நஷ்டமில்லை. படத்துக்காக வரிசைக்குள் இறங்கினால் தண்டு ஒடிகிறது, அது விவசாயியின் எண்ணெய்வித்து. ஆகவே சூரியகாந்திப் படம் எதைக் கொடுத்தாலும் வரப்புக்கு வெளியே நின்று எடுத்ததையே கொடுப்பேன். அதைக் குறிப்பிலும் எழுதுவேன். கைபேசியில் எடுத்த படத்துக்குள் இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிந்திருக்கக்கூடும்; பறவைக் கூடோ, காட்டோரத்து ஓடையோ இருந்தால் அந்த விவரத்தை நீக்கிவிட்டுத்தான் வெளியிடுவேன். களக்காடு–முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். அனுமதித்த சாலையிலிருந்து தெரிவது மட்டும் எனக்குப் போதும்.

நிலக்காட்சிப் படம் நிலத்தைக் காப்பாற்றியதும் உண்டு. கார்ல்டன் வாட்கின்ஸ் 1861இல் யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குக் கோவேறு கழுதைகளின் மேல் பெரிய கண்ணாடித் தகடுகளை ஏற்றிக்கொண்டு போய் எடுத்த படங்கள் அமெரிக்கக் கிழக்குக் கரை வரை போயின. அந்த இடத்தை நேரில் பார்த்திராத மக்கள் அதைப் பார்த்தார்கள். 1864இல் லிங்கன் அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்கென ஒதுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்கு அந்தப் படங்கள் துணைநின்றன என்கிறது வரலாறு. ஆனால் வாட்கின்ஸிடம் இருந்த நெகட்டிவ்கள் 1906 சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத் தீயில் போயின. பிறர் கைக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்த பிரதிகள் மிஞ்சின.

பிறரிடம் போன பிரதியே மிஞ்சும் என்பதை எனக்கு அனுபவமும் காட்டியது. மின்வெட்டுக் காலத்தில் வோல்டேஜ் ஏறி இறங்கி என் ஹார்டு டிஸ்க் ஒருநாள் நின்றது. பேக்கப் சிடிகளில் பூஞ்சை பிடித்திருந்தது. காமன்ஸில் ஏற்றுவதற்கு முந்தைய படங்கள் போயின. தொழி வயலில் மலை நின்ற அந்தப் படமும் போயிற்று. கேள்விப்பட்ட வாடிக்கையாளர்கள் தங்கள் கணினிகளைத் தேடினார்கள். வக்கீல் ஆபீஸிலிருந்து இரண்டு படம் வந்தது, ஒரு பள்ளி ஆசிரியையிடமிருந்து சில. வயல் படத்தின் முழு அளவுக் கோப்பு சவுதியில் தம்மாமிலிருந்து வந்தது. நான் கொடுத்த சிடியை அங்கே வேலைபார்த்த ஒரு தம்பி ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுபோயிருந்தார். காசுக்கு ஒருவரிடம் விற்றிருந்தால் அந்தப் படம் ஓரிடத்தில் இருந்திருக்கும். பலரிடம் கொடுத்ததால் பல இடத்தில் இருந்தது.

அந்த வயல் இன்று வயலாக இல்லை. மஞ்சள் வர்ணம் அடித்த மனைக்கற்கள் நட்டு, தார்ச்சாலை போட்டிருக்கிறார்கள். பெரியவர் காலமாகிவிட்டார். அங்கே தண்ணீரில் மலை நின்றது என்று அவர் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட அந்தக் கோப்பு இருக்கிறது. அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே கேமரா வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் நான் கேட்பது இது. உங்கள் ஊர்க் குளம், ஏரி, பனங்காடு, உப்பளம், கழிமுகம் எதுவானாலும் விடியலில் போய் எடுங்கள். இடப்பக்கம் கொஞ்சம் இடம் விடுங்கள். ஊர்ப் பெயர், மாதம், நின்ற பயிர், தண்ணீர் வந்த வாய்க்காலின் பெயர் ஆகியவற்றைப் படத்தோடு எழுதுங்கள். முப்பது ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்குப் படத்தின் அளவுக்கு அந்தக் குறிப்பும் தேவைப்படும். முழு அளவில், தெளிவான உரிமத்தோடு, காசு கேட்காமல் கொடுங்கள். பரமக்குடியில் கணினியைத் திறக்கிறவருக்கு வைகைப் படுகையும், உடன்குடிக்காரருக்குச் செந்தேரியும், கோடியக்கரைக்காரருக்குச் சதுப்புநிலமும் திரையில் தெரிய வேண்டும். ஒருவரே இத்தனையையும் எடுத்துவிட முடியாது. ஊருக்கு ஒருவர் போதும்.